கழிவைத் தேடிப் பிடிப்பதில்லை சிறுநீரகம்

கேள்வி இதுதான்: நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பத்து ஆண்டுகளாக உண்டு. சென்ற வாரப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. 'உடம்பில் கழிவு சேர்ந்துவிட்டது, கழுவி விட வேண்டும்' என்று சொல்லி, பாலக்கீரை, வாழைத்தண்டு, இரும்பன்புளி என்னும் புளிப்புக் காய் மூன்றையும் அரைத்துச் சாறாக வெறும் வயிற்றில் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது சரியா? உடம்பு கழிவை எப்படித்தான் வெளியேற்றுகிறது?

முதலில் சாற்றை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன் சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால் அந்தச் சாறு ஏன் ஆபத்து என்பது தானாகவே விளங்கும்.

நான் மருத்துவர் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக டயாலிசிஸ் பிரிவில் இயந்திரத்தை இயக்கும் வேலையில் இருக்கிறேன். சிறுநீரகம் செய்யும் வேலையை வெளியில் இருந்து செய்ய முயலும்போதுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கழிவு என்றதும் நமக்குக் கழிப்பறை நினைவுக்கு வருகிறது. எடைக்கணக்கில் பார்த்தால் உடம்பு எரித்த உணவின் பெரும்பகுதி மூச்சில் போகிறது. சோறும் எண்ணெயும் உயிரணுக்களில் எரிந்து கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆகின்றன. ஒரு நாளில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை கரியமில வாயுவை நாம் வெளியே விடுகிறோம். ஒருவர் பத்துக் கிலோ கொழுப்பைக் குறைத்தால் அதில் ஏறத்தாழ 8.4 கிலோ மூச்சுவழிதான் போயிருக்கும். மீதி நீராக மாறி, சிறுநீரிலும் வியர்வையிலும் மூச்சின் ஈரத்திலுமாகப் போகும்.

மலத்தில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குள் நுழையாமலே போன பொருள். நார், தண்ணீர், குடலில் வாழும் கிருமிகள். ஆனால் அதன் பழுப்பு நிறம் மட்டும் உள்ளிருந்து வந்த கழிவு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். பிறகு அதைப் பிரித்து, இரும்பை எடுத்து வைத்துக்கொள்கிறது உடம்பு. மிஞ்சிய நிறமிதான் பிலிரூபின். அதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. குடல் கிருமிகள் அதை உருமாற்றுவதால் மலத்துக்குப் பழுப்பும் சிறுநீருக்கு மஞ்சளும் வருகின்றன. பித்தநாளம் அடைத்துக்கொண்டால் மலம் சாம்பல் பூசியது போல வெளுத்துவிடும், கண் மஞ்சளாகிவிடும். அந்த நிறம் போக வேண்டிய வழி மூடிவிட்டது என்று பொருள்.

கல்லீரல் செய்யும் இன்னொரு வேலை இதைவிட முக்கியமானது. பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் உள்ள புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அதை உடம்பு உடைக்கும்போது அம்மோனியா பிறக்கும். அம்மோனியா மூளைக்கு நஞ்சு. கல்லீரல் அதைப் பிடித்து, ஒப்பிட்டால் சாதுவான யூரியாவாக மாற்றிவிடுகிறது. அந்தச் சுழற்சியை 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸ், குர்ட் ஹென்சலைட் இருவரும் கண்டறிந்தார்கள். கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகள் பகலில் தூங்கி வழிவதையும், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று தட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அம்மோனியா முதலிய நஞ்சுகள் மூளைக்கு ஏறியதன் அடையாளம் அது.

வியர்வையைப் பற்றி ஒரு வரி போதும். அது உடம்பைக் குளிர்விக்க வந்தது. ஒரு லிட்டர் வியர்வை தோலில் காய்ந்தால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அந்த வேலையில் அதற்கு இணை இல்லை. ஆனால் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவோடு ஒப்பிட்டால் வியர்வையில் போவது மிகக் கொஞ்சம். நீராவிக் குளியல் எடுத்துக் கிரியேட்டினினைக் குறைக்க முடியாது.

இனி சிறுநீரகம். இரண்டும் சேர்ந்து 300 கிராம் இருக்கும். உடம்பின் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் ஒவ்வொரு நிமிடமும் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்கு மேல், இந்த இரண்டுக்கும் போகிறது. தங்கள் பசிக்காக அவை அவ்வளவு இரத்தத்தைக் கேட்பதில்லை. வடிகட்டுவதற்காகக் கேட்கின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்வடிகட்டிகள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நூல்பந்து போலச் சுருண்டிருக்கும். அதன் வழியாக நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் நீர் வடிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்பது கேன்.

உடம்பில் அவ்வளவு இரத்தமே இல்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமும் மூன்று லிட்டர்தான். அதை ஒரே நாளில் அறுபது முறை வெளியே எடுத்து, அறுபது முறை உள்ளே வாங்குகிறது சிறுநீரகம். ஒன்பது கேனில் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர். மீதி முழுவதும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

உங்கள் கேள்விக்கு அடிப்படையான விஷயம் இங்கேதான் இருக்கிறது. சிறுநீரகம் கழிவைத் தேடிப் பிடித்து வெளியே எறிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது செய்வது வேறு. போகிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நாம் குப்பையை மட்டுமா வெளியே எடுப்போம்? பாத்திரம், பாய், பெட்டி, சாமி படம் எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் வைப்போம். பிறகு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவருவோம். யாரும் எடுக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டது எதுவோ அது குப்பை. சிறுநீரகமும் அப்படித்தான். இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் தவிர ஏறத்தாழ எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டிவிடுகிறது. பிறகு நீண்ட குழாய் நெடுகிலும் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுக்கிறது. கழிவு எது என்று அது தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. வேண்டியது எது என்று தெரிந்தால் போதும். அதனால்தான் மனித இனம் இதுவரை கண்டிராத ஒரு புதிய மருந்து உள்ளே போனாலும், அது நீரில் கரைந்து வடிந்துவிட்டால், திரும்ப எடுக்க ஆளில்லாமல் வெளியே போய்விடுகிறது. பென்சிலின் போன்ற சிலவற்றைக் குழாயின் சுவரே வலிந்து தள்ளுவதும் உண்டு. ஆனாலும் அடிப்படை ஏற்பாடு இந்தப் போகிக் கணக்குதான்.

இதில் சர்க்கரையைப் பாருங்கள். ஒரு நாளில் வடியும் நீரில் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரை இருக்கும். நலமாக இருப்பவரின் குழாய் அதைச் சொட்டு விடாமல் திரும்ப எடுத்துவிடும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் எடுக்கும் கைகள் போதாமல் சர்க்கரை சிறுநீரில் வழியும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததைச் சொல்லி நம் பாட்டிமார் நோயைக் கண்டுகொண்டதன் காரணம் இதுதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற இப்போதைய மாத்திரைகள், சர்க்கரையைத் திரும்ப எடுக்கும் அந்தக் கதவையே சாத்துகின்றன. அவை சர்க்கரையைக் குறைப்பதோடு சிறுநீரகம் தேய்வதையும் மெதுவாக்குகின்றன. உங்கள் அம்மாவுக்கு ஏற்றதா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி இது.

உப்புக் கணக்கு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வடிந்து வரும் சோடியத்தைச் சமையல் உப்பாக மாற்றிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கடையில் வாங்கும் ஒரு கிலோ பாக்கெட்டில் ஒன்றரைப் பாக்கெட். நாம் சாப்பிடுவது பத்துக் கிராம் என்றால் அந்தப் பத்துக் கிராம் மட்டும் வெளியே போகும்படி மீதியை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். இன்று ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் அதற்கேற்றபடி கூட விட வேண்டும், நாளை கஞ்சி மட்டும் என்றால் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135-லிருந்து 145 மில்லிமோலுக்குள் நிற்பதற்கு இந்தக் கையிருப்புக் கணக்கோடு தண்ணீர்க் கணக்கும் சேர வேண்டும். அந்த இரண்டாவது கணக்கை மூளை பார்க்கிறது. இரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடினால் போதும். தாகம் எடுக்கும், கூடவே ஒரு ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போய்க் குழாயின் கடைசிப் பகுதியில் தண்ணீருக்கான வாசல்களைத் திறக்கும். அந்த நுண்வாசல்களைக் கண்டறிந்த பீட்டர் ஏக்ரேவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பும் யூரியாவும் இரத்தத்தைப் போல நான்கு மடங்கு அடர்த்தியாகத் தேக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வாசல் திறந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டு உடம்புக்குத் திரும்புகிறது. சித்திரை வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவரின் சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது இதனால்தான். நிறையத் தண்ணீர் குடித்தால் வாசல்கள் மூடும், சிறுநீர் தண்ணீராகவே போகும்.

பொட்டாசியத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் உயிரைப் பறிக்கும் பொருள் பெரும்பாலும் இதுதான். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி மூன்று லிட்டரிலும் சேர்த்து அரைக் கிராம்கூட இல்லை. ஒரு பெரிய இளநீரில் முக்கால் கிராம் முதல் ஒரு கிராம் வரை இருக்கும். இரத்தம் முழுவதிலும் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை ஒரே மூச்சில் குடிக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இன்சுலின் அதைச் சட்டென்று உயிரணுக்களுக்குள் ஒதுக்கி வைக்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு அந்த இரண்டாவது வேலை நடக்காது. ஒரு மே மாதம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை அவருடைய மகன் இரண்டு கையாலும் தாங்கி அழைத்து வந்தார். கால் துவண்டு நிற்க முடியவில்லை. 'வெயில் தாங்கவில்லை, இளநீர்தான் குடித்தேன், வேறொன்றும் இல்லை' என்றார் அவர். இதயத் துடிப்புப் படத்தில் அலைகள் கூடாரம் போலக் கூராக எழுந்து நின்றன. உடனே மருந்து ஏற்றி, வரிசையில் இருந்தவரை ஒதுக்கி, அவரைப் படுக்க வைத்தோம். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தானாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை. ஆனால் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்காமல் வாழைத்தண்டும் கீரையும் இளநீரும் தினமும் கொடுப்பது சரியில்லை. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை ஏற்றவும் செய்யும்.

அமிலக் கணக்கையும் இப்படியே நுரையீரலும் சிறுநீரகமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நுரையீரல் மூச்சை ஆழமாக்கி நிமிடங்களில் சரிசெய்யும், சிறுநீரகம் நாள்கணக்கில் நின்று சரிசெய்யும். வெளியே வெயிலோ மழையோ, விருந்தோ விரதமோ, உடம்புக்குள் இருக்கும் நீரின் தன்மை மட்டும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதினார். அந்த நிலைக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று 1920-களில் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் வால்டர் கேனன். கழிவு நீக்கம் என்று நாம் தனியாகப் பேசுவது இந்தச் சமநிலை வேலையின் ஒரு மூலை.

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு எட்டுவது அந்த மூலைதான். 1943-இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், இறைச்சிக் குழல் செய்யப் பயன்படும் செலோஃபேன் உறையை உருளையில் சுற்றி, அதனுள் இரத்தத்தை ஓட விட்டு முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். இன்று எங்களிடம் இருப்பது மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் அடைத்த ஓர் உருளை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீர். நோயாளியின் முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருப்பார்கள். ஊசி போடும் முன் அதன்மேல் மூன்று விரலை வைத்துப் பார்ப்பேன். தோலுக்கடியில் வண்டு அடைபட்டது போல ஒரு ரீங்காரம் விரலில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்று எங்கள் எல்லோருக்கும் கெட்ட நாள்.

அவ்வளவு செய்தும், வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் வடிகட்டுகிறோம். மீதி 156 மணி நேரம் உப்பும் தண்ணீரும் உள்ளேயே சேர்கின்றன. அதனால்தான் எங்கள் பிரிவின் வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் நிற்கிறது. உள்ளே வரும்போதும் போகும்போதும் ஒவ்வொருவரும் அதில் ஏற வேண்டும். இரண்டு நாளில் மூன்று கிலோ கூடி வந்தவரின் கணுக்காலை அழுத்தினால் கட்டைவிரல் பதிந்த குழி மெதுவாகத்தான் நிரம்பும். சிறுநீரகம் இருந்தால் இதை நமக்குத் தெரியாமலே செய்து முடித்திருக்கும். இரத்தம் ஊறச் செய்யும் ஹார்மோனையும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யின் இறுதி வடிவத்தையும்கூட அதுதான் தருகிறது. அவற்றை எந்த இயந்திரமும் தருவதில்லை, தனியாக ஊசியும் மாத்திரையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது சாற்றுக்கு வருகிறேன். 180 லிட்டர் வடிந்து 178 லிட்டருக்கு மேல் தண்ணீர் திரும்பிப் போகிறது என்றேன். அப்படியானால் திரும்பிப் போகாத பொருள் ஒவ்வொன்றும் குழாயின் கடைசியில் பல மடங்கு அடர்த்தியாகிறது. உடம்பிலேயே நஞ்சு மிக அடர்த்தியாகச் சேரும் இடங்களில் ஒன்று சிறுநீரகக் குழாய். பாலக்கீரையிலும் இரும்பன்புளியிலும் ஆக்ஸலேட் என்ற பொருள் மிக அதிகம். உடம்புக்கு அதனால் பயன் இல்லை, ஆகவே வாசலில் நிற்கும் பொருள் அது. தண்ணீர் குறையக் குறைய அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, குழாய்க்குள் கண்ணாடித் தூள் போல அடைத்துக்கொள்கிறது. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளிச் சாற்றை அடர்த்தியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். அவர்களில் பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். குழம்பில் இரண்டு காய் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. வெறும் வயிற்றில், பச்சையாக, தினமும் ஒரு டம்ளர் என்பதுதான் கேடு. கழுவி விட என்று நினைத்துக் கொடுப்பது, வடிகட்டியின் கண்களையே அடைத்துவிடுகிறது.

அந்த 1.4 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஆகவே எண்ணை ஆளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முப்பது வயது ஆணுக்கு 1.4 என்றால் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டரை ஒட்டி இருக்கும். 58 வயதுப் பெண்ணுக்கு அதே 1.4, இப்போது வழக்கத்தில் உள்ள கணக்குப்படி 44-ஐ ஒட்டி வரும். 'கொஞ்சம்தான் கூடியிருக்கிறது' என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதே நேரம் பயந்தும் போகாதீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்து, இந்த அளவிலேயே பல ஆண்டுகள் நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்களை வேகமாகக் கீழே இறக்குவது முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்றவை நெஃப்ரானுக்கு இரத்தம் வரும் சிறு குழாயைச் சுருக்கிவிடும். வயிற்றுப்போக்கும் வெயிலும் சேர்ந்துகொண்டால் ஒரே வாரத்தில் நிலைமை மாறிவிடும். அம்மாவிடம் அதட்டாமல் கேளுங்கள். பலர் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை, 'வலி மாத்திரைதானே' என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

தண்ணீரை அளந்து நான்கு லிட்டர் ஊற்றிக் குடிக்க வைக்க வேண்டாம். கால் வீக்கமோ இதயக் கோளாறோ இல்லாதவரை தாகத்துக்குக் குடிக்கட்டும், வெயிலில் போனால் கூடக் குடிக்கட்டும். உப்பை நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், கொண்டுவாருங்கள். ஊறுகாய்ப் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிடுவதில் தொடங்கலாம்.

இந்த வாரமே சிறுநீரக மருத்துவரிடம் காட்டி, சாறு எத்தனை நாள், எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் உடனே மீண்டும் பார்க்கச் சொல்வார். வயிற்றைப் புரட்டினாலோ சிறுநீர் குறைந்தாலோ அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப்போங்கள். சிறுநீரில் அல்புமின், கிரியேட்டினின் விகிதம் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பெரிய புரதம் வடியக்கூடாது என்றேன் அல்லவா, அது வடியத் தொடங்கியிருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை அது. சிறுநீரில் நுரை கட்டி நிற்கிறதா என்று அம்மாவே கவனித்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும் முதலில் போகும் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. ஆய்வகத்தில் முதல் நாளே டப்பா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.